பெயர் எழுதாத வண்டி

என் தங்கைக்குத் தொழில், வீட்டுச் சாமான்களை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எனக்குத் தொழில் வாய். பதினெட்டு வருடம் ஒரு விளம்பரக் கம்பெனியில் உட்கார்ந்து பற்பசைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான். தங்கை என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் ‘டிரான்ஸ்போர்ட் பிசினஸ்’ என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவேன். அவள் லாரி ஓட்டுகிறாள் என்று சொல்ல அப்போது எனக்கு வெட்கம். இப்போதும் வெட்கம்தான், ஆனால் அவளை நினைத்து இல்லை.

அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நடுவில் நான் வந்து வந்து விழுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அது என் பழைய வியாதி.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆள் குள்ளம், குரல் கனம். கல்யாணமான ஆறாவது வருடம் புருஷனை விட்டு வந்துவிட்டாள். அடி தாங்க முடியவில்லை. வரப்போகிற அன்று காலையில் எனக்குத்தான் முதலில் ஃபோன் செய்தாள், சாமான் எடுக்க ஒரு ஆள் கூட வேண்டும் என்று. எனக்கு அன்றைக்கு ஒரு பெரிய மீட்டிங். அடுத்த வாரம் பார்க்கலாமே என்றேன். அடுத்த வாரமாம்! ஏதோ ஒரு வண்டியைப் பிடித்து அவளே வந்து சேர்ந்தாள். எப்படி வந்தாய், என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வந்துவிட்டாள் அல்லவா, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தாள், லாரி ஓட்டக் கற்றுக்கொண்டாள், கடன் வாங்கிப் பின்பக்கம் மூடிய ஒரு பழைய மினி லாரி வாங்கினாள். சாம்பல் நிறம். வண்டியில் ஒரு எழுத்துக் கிடையாது. சட்டப்படி இருக்க வேண்டிய பதிவு எண்ணைத் தவிர ஒரு கோடுகூடக் கிடையாது. சுமை தூக்க மூன்று ஆள். அதில் மூத்தவருக்குப் பட்டப்பெயர் கயிறு. பீரோவை அவர் கட்டினால் அது மலையிலிருந்து உருண்டாலும் திறக்காது.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரங்களை அந்த வீட்டுத் துணிமணிகளுக்குள்ளேயே சுருட்டி வைப்பாள். அட்டைப் பெட்டிகள் அடுக்கி ஊரைக் கூட்டும் வேலையே இல்லை. மூடின வீட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் கட்டி முடித்து, வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தி, நாற்பது நிமிடத்தில் ஏற்றிவிடுவாள். நேரம் எப்போதும் காலை பதினோரு மணி. வேலைக்குப் போகிறவர்கள் போயிருப்பார்கள், வீட்டில் இருப்பவர்கள் சமையலில் இருப்பார்கள். எங்கே போகிறோம் என்று சுமை தூக்குகிறவர்களுக்கே வண்டி தெருவைத் தாண்டிய பிறகுதான் சொல்வாள். தெருவில் யாராவது வாயைக் கிளறினால் கயிறு, ‘ரிப்பேருக்குப் போகுதுங்க’ என்பார். வீடு முழுக்கவா என்று ஒருவர் கேட்டதற்கு, ஆமாங்க, எல்லாமே ரிப்பேர்தான் என்றாராம்.

எனக்கு வேலை போன பிறகு, வேறு போக்கிடம் இல்லாமல், அவளுடைய ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தேன். ஆபீஸ் என்றால் டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஷெட். ஒரு மேஜை, ஒரு ஃபோன், சுவரில் நாள்காட்டி. போர்டு இல்லை. கம்பெனிக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் வேலை இருந்தது. இது எப்படி நடக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பேனா? இவ்வளவு நாள் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஃபோனில் பேசுகிறவர்களில் பாதிப்பேர், முக்கியமாகப் பெண்கள், மெல்லிய குரலில் பேசுவார்கள். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடைந்தெடுத்த முட்டாள் என்றால் இப்படித்தான் இருப்பான்.

தங்கைக்கு நான் பாடம் எடுத்தேன். மார்க்கெட்டிங் வேறு, பிராண்ட் வேறு என்று ஆரம்பித்தேன். ஜனங்கள் நம்மிடம் எதை நம்பி வருகிறார்களோ அதுதான் பிராண்ட். அதை நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மார்க்கெட்டிங். முதலில் அது, பிறகுதான் இது, வரிசை மாறினால் குட்டிச்சுவர் என்று கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். அதே படத்தை அவளுக்கும் நாள்காட்டியின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். ஆனால் அவளிடம் வருகிறவர்கள் எதை நம்பி வருகிறார்கள் என்று ஒரு ஆளிடம் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். குறைந்த விலை, உடையாத கண்ணாடி, வேறென்ன?

“வண்டியில பேர் எழுதணும்” என்றேன்.

“வேணாம்ணா. அது அப்படியே இருக்கட்டும்” என்றாள்.

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை, உனக்கு இதெல்லாம் புரியாது என்று சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு வண்டிக்கு டீசல் போடப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரி. போவதற்கு முந்தைய நாள் ஆபீஸ் ஃபோனை என் கையில் கொடுத்தாள். அந்த வாரத்தில் ஒரே ஒரு வேலைதான் ஒப்புக்கொண்டிருக்கிறாள், வியாழக்கிழமை பதினோரு மணி, கயிறு வண்டியை ஓட்டுவார், அவருக்கு எல்லாம் தெரியும் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“ஃபோன் வந்தா என்னைக்கு, எத்தனை மணிக்குன்னு மட்டும் குறிச்சு வை. யார் வீட்டப் பத்தி யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. அவ்வளவுதான்.”

சரி சரி என்றேன். நாற்பத்தேழு வயது ஆளுக்கு ஃபோன் எடுக்கச் சொல்லித் தருகிறாளே என்று உள்ளுக்குள் எரிச்சல் வேறு.

திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக வண்டியைப் பெயிண்ட் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாளில் வேலை முடிந்தது. எலுமிச்சை மஞ்சள். இரண்டு பக்கமும் ‘நிம்மதி’ என்று ஆள் உயர எழுத்து. அதற்குக் கீழே ஃபோன் நம்பர், அரை மைல் தள்ளி நின்றாலும் படிக்கலாம். பின்கதவில் ஒரு வாசகம்: ‘உங்கள் புது முகவரி எங்களுக்குத் தெரியும்’. அதை யோசித்துப் பிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். கூடவே ஐந்நூறு விசிட்டிங் கார்டும் அடித்தேன்.

புதன்கிழமை கயிறு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டார். சர்ப்ரைஸ் என்றேன்.

“இனிமே இது எந்தத் தெருவுல நின்னாலும் தெரிஞ்சிடும் சார்” என்றார்.

“அதுக்குத்தானே இவ்வளவும்” என்று அவர் தோளில் தட்டினேன். நாளைக்கு வேறு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், இதை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று அவர் இரண்டு முறை சொன்னார். முதல் நாளே நம் வண்டியை ஒளித்து வைப்பதா என்று சத்தம் போட்டு அவர் வாயை அடைத்தேன். நானும் கூட வருகிறேன் என்றேன். படம் எடுக்க வேண்டுமே.

வியாழக்கிழமை நாங்கள் போன வீட்டில் இருந்தவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். முப்பது வயதிருக்கும். கதவைத் திறந்தவள் என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

“வண்டியில ஒண்ணுமே எழுதியிருக்காதுன்னு அக்கா சொன்னாங்களே” என்றாள்.

“புதுசா பண்ணியிருக்கோம். எப்படி இருக்கு?” என்றேன்.

அவள் எதிர்மாடியை ஒரு தடவை பார்த்தாள், கையில் கட்டியிருந்த கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, சீக்கிரம் ஏத்துங்க என்றாள். அந்தக் கடிகாரத்துக்குக் கீழே மணிக்கட்டைச் சுற்றி ஒரு பழுப்பு நிறத் தழும்பு இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. எதிர்மாடியில் இரண்டு பெண்கள் வந்து நின்று வண்டியை வாய்விட்டுப் படித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர்கள் படிக்கிறபோதே ஒரு படமும் எடுத்தேன்.

ஊரின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில் அவளுடைய புது வீடு. லிஃப்ட் இல்லை. ஒரு டம்ளர்கூட உடையவில்லை.

மறுநாள் காலையில் ஃபோன் வந்தது. ஆண் குரல், தேன் மாதிரி பேசினார். நேற்று எங்கள் தெருவில் உங்கள் மஞ்சள் வண்டியைப் பார்த்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள், நாங்களும் வீடு மாறப் போகிறோம், மாடி வீடு, கண்ணாடிச் சாமான் நிறைய, பயமாக இருக்கிறது, மாடிக்கெல்லாம் பத்திரமாக ஏற்றுவீர்களா என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் முதல் விசாரிப்பு! சாட்சியோடு பேசினால்தான் வாடிக்கையாளர் நம்புவார் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் சாட்சி சொன்னேன்.

“என்ன சார் அப்படிக் கேட்டுட்டீங்க? நேத்து உங்க தெருவுலேர்ந்து எடுத்த சாமானை ஏத்தினதே ரெண்டாவது மாடிக்குத்தான். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, லிஃப்ட் கிடையாது. ஒரு டம்ளர் உடையல.”

“எந்தத் தண்ணித் தொட்டி?” என்றார்.

அதையும் சொன்னேன். ரொம்ப உதவி என்று சொல்லி ஃபோனை வைத்தார். நான் நோட்டில் ‘விளம்பரத்தால் வந்த முதல் ஆள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கை கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மொபைலில் வண்டியின் படத்தைக் காட்டினேன். அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. தையல் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, காலையில் வந்த ஃபோனைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நான் அங்கேர்ந்து வந்தன்னைக்கு ஒரு ஃபர்னிச்சர் கடை வண்டியில வந்தேன். வண்டி பூரா கடைப் பேரு. மறுநாளே என் புருஷன் அந்தக் கடைக்குப் போயி டிரைவர்கிட்ட நல்லவிதமா பேசி அட்ரஸ் வாங்கிட்டு வந்துட்டான். அவன் வாசல்ல நின்னது உனக்குத் தெரியுமாண்ணா? நீ கேட்கவே இல்ல” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அந்தப் பொண்ணு என்கிட்ட கண்ணாடி உடையுமான்னா கேட்டா? வண்டியில பேர் இருக்குமான்னு ஒண்ணுதான் கேட்டா.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதினெட்டு வருடம் படம் வரைந்து காட்டிய ஆளுக்கு, தன் தங்கையிடம் இருந்த பிராண்ட் என்ன என்பது அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. ஒன்றும் எழுதாத அந்தச் சாம்பல் வண்டிதான் அது. வாயைத் திறக்காத ஆட்கள். வீட்டில் அடி வாங்கிய ஒரு பெண் இன்னொரு பெண்ணின் காதில் சொல்லிச் சொல்லித்தான் வாரத்துக்கு ஐந்து வேலை வந்திருக்கிறது. அதை நான் மஞ்சள் பெயிண்ட் அடித்து நம்பரோடு தெருவில் நிறுத்தினேன், பற்றாக்குறைக்கு ஃபோனில் வழியும் சொன்னேன்.

தங்கை உடனே அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தாள். காலையில் என்னிடம் தேனாகப் பேசிய அவள் புருஷன் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தானாம். மனைவிக்கு மனநிலை சரியில்லை, மருந்து சாப்பிடாமல் ஓடி வந்துவிட்டாள் என்று வீட்டுக்காரரிடம் கண் கலங்கியிருக்கிறான். எனக்கு இந்தக் குடும்ப வம்பெல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணு என்று வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்கு வந்துவிடு, போலீஸுக்குப் போகலாம், நான் கூட நிற்கிறேன் என்று தங்கை எவ்வளவோ சொன்னாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அந்தப் பெண் சொன்ன பதிலை நானும் கேட்டேன்.

“உங்க வீடும் அவருக்குத் தெரிஞ்சுடும்க்கா. வண்டியிலதான் நம்பர் இருக்கே. இனிமே எங்க போனாலும் அதே கதைதான். என்னால இன்னொரு தடவ ஓட முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஃபோன் செய்தான். அதே தேன் குரல். சாமானெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதே மஞ்சள் வண்டியையே அனுப்புங்கள் என்றான். முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே தங்கையைக் கூப்பிட்டாள். வேறு யாராவது வந்தால் பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைப்பார்கள், அதற்கும் நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், நீங்களே வந்துவிடுங்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டாள். டாக்டர் கூடாது என்று சொல்லியும் தங்கை, தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கயிறு ஓட்டினார். நான் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் உட்கார்ந்து போனேன். முன்னால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவது?

சாமானை ஏற்றிக்கொண்டு அவளுடைய பழைய தெருவுக்குத் திரும்பியபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. விடுமுறை நாள், எல்லோரும் வீட்டில். மூன்று நாள் முன்னால் போன பெண் அதே கட்டிலோடும் அதே பீரோவோடும் திரும்பி வந்து இறங்குவதைக் காசு கொடுக்காமல் பார்த்தார்கள். தங்கை மெதுவாக இறங்கிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பக்கத்தில் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளே கயிறு வண்டிக்குப் பழையபடி சாம்பல் நிறம் அடித்துவிட்டார். தங்கை ஃபோன் நம்பரையும் மாற்றினாள். அதற்கு நடுவில் பழைய நம்பருக்கு விசாரிப்பு மேல் விசாரிப்பு வந்ததையும் சொல்லியாக வேண்டும். பெரிய வீட்டுக்குப் போகிறவர்கள், மாற்றல் கிடைத்தவர்கள், சத்தமாகச் சிரித்துப் பேசுகிறவர்கள். என் மார்க்கெட்டிங்கில் ஒரு குறை இல்லை. மெல்லிய குரல்கள்தான் நின்றுபோயின. அந்த வண்டிக்காரர்கள் வாய் விடுவார்கள் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்லியிருப்பாள், அது சாம்பல் பெயிண்ட் அடித்தால் அழிகிற விஷயமில்லை. வருடம் இரண்டாகிறது. இப்போதுதான் மாதத்துக்கு ஒன்று இரண்டு என்று மறுபடி வருகிறது. தங்கை என்னை ஒருநாளும் திட்டவில்லை. ஃபோன் அடித்தால் நான் ஷெட்டைவிட்டு வெளியே வந்து டயர் கடை வாசலில் நிற்பேன், அவள் பேசி முடித்ததும் உள்ளே போவேன். சுமை தூக்கவும் கற்றுக்கொண்டேன்.

அந்த மருந்துக்கடைப் பெண் இப்போது அந்தத் தெருவில் இல்லை என்று மட்டும் கயிறு ஒருநாள் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தங்கைக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது.

இவ்வளவும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பெயிண்ட் அடித்தது, ஃபோனில் உளறியது, எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சாமானையும் இறக்கியாயிற்று, தங்கையும் கயிறும் வண்டியில் ஏறிவிட்டார்கள். நான் வாசலில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்த முகமாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நல்ல சர்வீஸ், ஒரு டம்ளர் உடையவில்லை, சொன்ன மாதிரியே செய்தீர்கள் என்றான். நாலு பேருக்குச் சொல்கிறேன், கார்டு இருக்கிறதா என்று கேட்டான்.

அவன் யார், என்ன செய்தான், எல்லாம் அப்போது எனக்குத் தெரியும். மணிக்கட்டுத் தழும்பும் தெரியும். என் கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு கார்டை எடுத்து, பெயர் அவன் பக்கம் பார்க்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவனுக்குப் பின்னால் நிலைப்படியில் துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடாவது விட்டேனா? “தேங்க்ஸ் சார், எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க” என்றேன்.